கதைப் புத்தகமாக வந்த ஒரு விண்ணப்பம்

காணி உறுதி பற்றியும், குளத்து நீர்ப் பங்கீடு பற்றியும், நீதிமன்றங்களிலே வழங்கும் மொழி பற்றியும் எழுதிப் பழகிய நாம், இவ்வாரம் ஆங்கிலக் கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றி எழுதப் புகுந்திருப்பது வாசகர் சிலருக்கு வியப்பளிக்கலாம். சிலருக்குச் சினமும் ஊட்டலாம். அதுவும் எத்தகைய கதை? மந்திரவித்தை கற்ற வீரர்களும், மனத்தோடு மனம் பேசும் வெண்புரவிகளும், எந்தப் பூகோளப் படத்திலும் காணக்கிடையாத ஓர் இராச்சியமும் நிறைந்த கதை. நாற்பதைக் கடந்த சட்டத்தரணி ஒருவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பார் கேட்கட்டும். காரணம் இல்லாமல் நாம் எழுத வரவில்லை. இறுதிவரை வாசித்த பின்னர் எம்மை ஏசவேண்டுமாயின் ஏசலாம்.

எமக்கு மருமக்கள் பலர். அவர்களுள் ஒருவன், பல்கலைக்கழகத்திலே இறுதியாண்டு பயில்பவன், சென்ற ஆண்டு விடுமுறைக்கு ஊர் வந்தபோது மூன்று பழம் புத்தகங்களை எமது மேசைமீது கொணர்ந்து வைத்தான். "மாமா, நேரம் கிடைச்சால் இதை வாசியுங்கோ" என்றான். வேறொன்றும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அட்டைகள் தேய்ந்து, முதுகு கிழிந்து, பசைநாடா ஒட்டப்பட்ட புத்தகங்கள். மேசையில் இடமிருந்தும், அவற்றை மறுநாள் விளக்கத்துக்குரிய வழக்குக் கட்டின் மேலேயே வைத்திருந்தான். அது தற்செயல் என்றே அன்று நினைத்தோம்.

(எவன் அவன் என்று தேடுவோருக்கு ஒரு சொல்: அவனுடைய வயது, பாடம், தந்தையார் செய்யும் பயிர் ஆகிய யாவற்றையும் மாற்றியே எழுதியிருக்கின்றோம். அச்சுக்குப் போகுமுன் அவன் இக்கட்டுரை முழுவதையும் வாசித்தான். சம்மதமும் தந்தான். இரண்டிடங்களில் எம்மைத் திருத்தியும் விட்டான்.)

மூன்று வாரங்கள் அப்புத்தகங்களை நாம் தொடவில்லை. வாசிக்க வேண்டியதெல்லாம் மனுவாகவோ, சத்தியக்கடதாசியாகவோ, தீர்ப்பாகவோதான் வரும், கதையாக வருவதெல்லாம் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணுவது எமது தொழிலைப் பிடித்த நோய். பின்னர் நீதிமன்ற விடுமுறை நாளொன்றின் முன்னிரவில் முதலாவது நூலைத் திறந்தோம். விடிந்தபோது இரண்டாவது நூலில் இருந்தோம்.

நூல்களை இயற்றியவர் மேர்சிடிஸ் லாக்கி என்னும் அமெரிக்கப் பெண்மணி. முதல் நூல் 1989 இலும் மற்றைய இரண்டும் 1990 இலும் வெளிவந்தன. முதல் நூலின் பெயரை 'மந்திரத்தின் காலாள்' என்று தமிழாக்கலாம். சதுரங்கப் பலகையிலே முதலில் வெட்டுண்ணும் அந்தக் காலாள்தான். வால்டெமார் என்பது அவர் கற்பித்த இராச்சியம். அதன் எல்லைப்புறக் கோட்டையொன்றின் அதிபதி விதென். அவனுடைய மூத்த மகன் வன்யெல், பதினாறு வயதளவினன். வாட்போரிலும் வேட்டையிலும் நாட்டமில்லாமல் இசையிலே உயிரை வைத்திருப்பவன். தந்தைக்கோ அது பொறுக்கவில்லை. படைக்கலம் பயிற்றும் ஆசிரியன் பையனின் கையையே முறித்து விடுகின்றான். தந்தை மகனின் பக்கம் நிற்கவில்லை. பிள்ளை 'ஆண்பிள்ளையாக' வளரவில்லை என்னும் அச்சமே அவனை ஆட்டிப்படைக்கின்றது. ஈற்றிலே, தலைநகரில் வாழும் தன் சகோதரி சாவில் என்பாளிடம் மகனை அனுப்பிவிடுகின்றான். அவளே அரசரின் மந்திரத் தூதர்களுள் முதன்மையானவள்.

அங்கேதான் வன்யெல் தன்னைத் தான் அறிகின்றான். அத்தையிடம் வித்தை பயிலும் டைலெண்டெல் என்னும் இளைஞனை அவன் நேசிக்கின்றான். அந்த நேசம் அவனுக்குத் திரும்பவும் கிடைக்கின்றது. செய்தி தந்தையின் செவிக்கு எட்டிவிடக்கூடாதே என்பதற்காக, ஊரார் முன்னிலையில் இருவரும் பகைவர்போல நடிக்கின்றனர். பின்னர் நிகழ்வது பெருந்துயரம். டைலெண்டெலின் இரட்டைச் சகோதரன் குடும்பப் பகையொன்றில் கொல்லப்படுகின்றான். பழிவாங்கும் வெறியிலே டைலெண்டெல் தன் வெண்புரவியை இழக்கின்றான். மனம் சிதைந்து தன் உயிரையும் மாய்த்துக்கொள்கின்றான். எஞ்சி நிற்கும் வன்யெல், அந்த விபத்தினாலேயே உடைத்துத் திறக்கப்பட்ட மந்திர ஆற்றல்களோடு, இறக்கவும் மாட்டாமல் இருக்கவும் மாட்டாமல் தவிக்கையில், இஃபாண்டிஸ் என்னும் வெண்புரவி அவனைத் தேர்ந்துகொள்கின்றது. அக்கதையுலகிலே அப்புரவிகள் வெறும் விலங்குகளல்ல. மனிதனின் உள்ளத்தை உள்ளபடி அறிந்து, அறிந்த பின்னரும் அவனை விட்டு நீங்காத துணைகள் அவை. கதையின் எஞ்சிய பகுதியை இங்கு நாம் விரிக்கவில்லை.

கதையைக் காட்டிலும் எம்மை உலுக்கியவை, எமது மருமகன் பென்சிலால் இட்டிருந்த குறிகளே.

வன்யெல் தன் இசைக்கருவியுடன் ஒளிந்துகொள்ளும் மறைவறை ஒன்று பழங்கோட்டையில் உண்டு. அப்பக்கத்தின் ஓரத்திலே "தோட்டக் கொட்டில்" என்று எழுதியிருந்தான். தகப்பனாரின் தோட்டத்து மூலையில் மண்வெட்டியும் உரப்பையும் கிடக்கும் கொட்டில் அது. பையன் படிக்கப் போகின்றான் என்றே வீட்டார் நினைத்திருந்தனர். இருவரும் பகைவர்போல நடிக்கும் பகுதியின் அருகே "இரண்டு வருடம்" என்ற இரு சொற்கள் மாத்திரமே. யாருடன் அவன் இரண்டு வருடம் ஒரே பஸ் வண்டியில் ஏறாமல், ஒரே வாங்கில் அமராமல் நடித்தான் என்பதை நாம் கேட்கவில்லை. வன்யெலுக்கு அடிக்கடி ஒரு கனவு வருகின்றது. வலி தெரியாதிருக்க வேண்டும் என்று விரும்பி, வெண்பனிப் பாழிலே தானும் பனிக்கட்டியாக உறைந்துபோகும் கனவு அது. அந்தப் பக்கத்தில் ஒரு சொல்லும் இல்லை. பென்சில் கோடு மட்டும் தாளைக் கிழிக்குமளவுக்கு அழுந்தியிருந்தது. பனி என்பதைக் கண்ணாற் காணாத பிள்ளை, முப்பத்து மூன்று பாகை வெயிலிலே அதைத் தன் அனுபவமாகக் கண்டிருக்கின்றான்.

நான்காவது குறி எமக்கானது.

தந்தை விதெனின் கடுமை விரிக்கப்படும் பக்கத்திலே, "2017 ஆவணி" என்று எழுதியிருந்தது. நெடுநேரம் எமக்கு விளங்கவில்லை. விளங்கியபோது புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்குப் போனோம். அவ்வாண்டு ஆவணியிலே சகோதரியின் வீட்டில் ஒரு விருந்து. பந்தியிலே அமர்ந்திருந்தோருக்கு, நீதவான் நீதிமன்றத்தில் நாம் கண்ட ஒரு காட்சியை நகைச்சுவையாக எடுத்துரைத்தோம். பொலிசார் பிடித்துவந்த ஒருவனின் நடையையும் பேச்சையும் நடித்துங் காட்டினோம். பந்தி முழுவதும் சிரித்தது. எமது கதைசொல்லும் திறனை அத்தானே மெச்சினார். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் அப்போது பாயாசம் பரிமாறிக்கொண்டிருந்தான்.

விதென் என்ற அந்தக் கொடுந் தந்தையை ஓர் இரவு முழுவதும் வெறுத்துக்கொண்டே வாசித்த எமக்கு, மறுபக்கத்தில் அமர்ந்திருந்தவர் நாமே என்பது தெரியவந்தது. எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும் துணிவோடு எழுந்து, சாட்சிக்கூண்டில் நிற்பது தானே என்று கண்டவனின் நிலை அது.

இனி, ஒரு கேள்வி எழும். சொல்ல வேண்டியதை நேரே சொல்லாமல், மூன்று நூல்களைத் தூக்கிவந்து வைப்பானேன்? அதற்குரிய விடையும் அந்நூலிலேயே உண்டு. வன்யெலைக் குணப்படுத்தி ஆற்றுப்படுத்தும் கானகவாசிகளான டெய்லெட்ராஸ் மக்கள், இவ்வியல்பினருக்கென ஒரு சொல் வைத்திருக்கின்றனர். தன்னை ஒத்தாரை நேசிப்பவர் என்பது அதன் பொருள். இகழ்ச்சியும் இல்லாத, இரக்கமும் இல்லாத சொல். அம்மக்களிடையே இணைபிரியாது வாழும் இரு ஆடவரே அவனுக்கு ஆசிரியராகின்றனர். தன்னைப் போன்றோர் முன்னரும் உளர், அவர்கள் நல்லோராயும் உளர் என்பதை அந்தப் பிள்ளை அங்கேதான் முதன்முதலிற் காண்கின்றான்.

நாம் பெருமை பேசும் தமிழிலே சொல்லுக்குப் பஞ்சமில்லை. ஆயினும் எமது வீட்டு முற்றத்திலே இப்பிள்ளை இயல்பாக எடுத்து வழங்குவதற்கு என்ன சொல் இருந்தது? வசைச்சொற்கள் இருந்தன. அவற்றுள் இரண்டொன்றை அவன் எமது வாயிலிருந்தே கேட்டிருந்தான். மருத்துவச் சொற்கள் இருந்தன. தண்டனைச் சட்டக்கோவையிலே 'இயற்கையின் ஒழுங்குக்கு மாறான' என்னும் சொற்றொடர் இருந்தது. அண்மைக் காலத்திலே தன்பாலீர்ப்பு என்னும் நல்ல சொல் வழக்கில் வந்துள்ளது. ஆயின், தாயின் முன் நின்று சோற்றுக்கோப்பையைக் கையிலேந்தியபடி சொல்லக்கூடிய அளவுக்கு அது இன்னும் வீட்டுக்குள் வரவில்லை. சொல் இல்லாதவன் கதையைக் கொண்டுவந்தான். கற்பனை இராச்சியத்திலே நிகழும் கதையாதலால், மாமன் முகத்தைச் சுளித்தால், "கதை நல்லாயில்லையோ மாமா?" என்று கேட்டுவிட்டுப் புத்தகங்களைத் திரும்ப எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். தப்பிச்செல்ல வழிவைத்து எழுதப்பட்ட மனு அது. அதிலும் மதிநுட்பம் இல்லாமலில்லை.

இது மேல்நாட்டு வியாதி, எமது பண்பாட்டுக்கு ஒவ்வாதது என்று கூறுவாருமுளர். அவர்களுக்குச் சட்டத்தின் வரலாற்றையே விடையாகக் கூறுவோம். மக்கோலே 1837 இலே வரைந்த நகலின் வழிவந்த இந்தியத் தண்டனைச் சட்டக்கோவை 1860 இல் ஆக்கப்பட்டது. அதனைப் பின்பற்றி இலங்கைக்கு 1883 இலே ஒன்று ஆக்கப்பட்டது. அதன் 365 ஆம் பிரிவும் 365அ பிரிவுமே இத்தகையோரைக் குற்றவாளிகளாக்குவன. முன்னதற்குப் பத்தாண்டு வரையும், பின்னதற்கு இரண்டாண்டு வரையும் சிறை. 1995 இலே அதனைத் திருத்தப் புகுந்த எமது பாராளுமன்றம், நீக்குவதற்குப் பதிலாகப் பெண்களையும் அதனுள் அடக்கி வைத்தது! சட்டத்தைத் தந்த இங்கிலாந்து 1967 இலேயே தன் சட்டத்தைத் தளர்த்திக்கொண்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2018 செப்டெம்பர் 6 ஆந் திகதி தன் தளையை அறுத்தது. எமது உயர் நீதிமன்றமும் 2023 மே மாதத்திலே, இப்பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என்று தீர்மானித்தது. ஆனால் அச்சட்டமூலம் நிறைவேறுமுன்னரே 2024 இல் பாராளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது. கப்பலேறி வந்த பொருள் எது, இங்கேயே பிறந்து வளர்ந்த பொருள் எது என்பதை வாசகரே தீர்மானிக்கட்டும். எமது மருமகன் எந்தக் கப்பலிலும் வரவில்லை. அவனுடைய தொப்புட்கொடி எங்கே புதைக்கப்பட்டது என்பதும் எமக்குத் தெரியும்.

அந்நூல்கள் தோன்றிய நாட்டின் நிலையும் அன்று வேறாக இருக்கவில்லை. 1982 இலே அத்லாந்தா நகரில் மைக்கல் ஹார்ட்விக் என்பவரை, அவருடைய சொந்தப் படுக்கையறையிலே பொலிசார் கைதுசெய்தனர். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1986 ஜூன் 30 ஆந் திகதி, ஐவருக்கு நால்வர் என்ற ஒரே வாக்கு வித்தியாசத்தில், அச்சட்டம் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. அந்த ஐந்தாவது வாக்கை அளித்தவர் நீதியரசர் லூயிஸ் பவல். முதலில் மறுபக்கம் சாய்ந்திருந்து பின்னர் மாறியவர் அவர். அவர் தமது உதவிச் சட்டத்தரணிகளுள் ஒருவரிடம், அத்தகைய இயல்புடைய ஒருவரைத் தாம் வாழ்நாளிற் கண்டதேயில்லை என்று கூறினாராம். கேட்டுக்கொண்டு நின்ற அந்த உதவியாளரே அத்தகையவர்! அவர் தம்மை வெளிப்படுத்தவில்லை. நீதியரசரின் வாழ்க்கை வரலாற்று நூலிலே இச்சம்பவம் பதிவாகியுள்ளது. இளைப்பாறிய பின்னர், 1990 இலே, நியூயோர்க் பல்கலைக்கழகச் சட்ட மாணவரிடையே பேசுகையில், அவ்வழக்கில் தாம் பிழைவிட்டிருக்கலாம் என்று பவல் ஒப்புக்கொண்டார். எமது மருமகன் தந்த தொகுதியின் ஈற்று நூல் வெளிவந்த அதே ஆண்டு. அத்தீர்ப்பு முற்றாக நீக்கப்பட 2003 வரை, பதினேழு ஆண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

இச்சம்பவத்தை நாம் பலமுறை எண்ணிப் பார்த்தோம். அந்த உதவியாளர் வாய்திறந்திருந்தால் வாக்கு மாறியிருக்குமா? மாறியிருக்கலாம், மாறாமலும் இருந்திருக்கலாம். ஆனால் சொல்லவில்லையே என்று அவரைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. வாய்திறக்க முடியாத அறையாக அந்த அறையை ஆக்கி வைத்திருந்தவர் யார் என்பதே கேள்வி. நீண்ட அனுபவமுள்ள நீதிமான் ஒருவரிடம், மேசைக்கு அப்பால் நிற்பவனின் முகத்தை அறியும் அறிவு இல்லாதிருந்தது. எம்மிடமும் இருக்கவில்லை. அவர் கையிலே ஒரு வாக்கு இருந்தது. எமது வாயிலே ஒரு பகிடி இருந்தது. தீர்ப்புப் புத்தகங்களில் ஏறவில்லை என்பதனால் எமது தீர்ப்பு இலேசானதாகிவிடாது.

ஒரு கலியாணத்தைச் செய்து வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது எமது ஊர்களிலே வழங்கும் அடுத்த மருந்து. குறிப்பு எழுதி, பொருத்தம் பார்த்து, சீதனமும் பேசி, ஒன்றுமறியாத ஒரு பெண்ணின் கழுத்திலே தாலி கட்டுவிப்பது. இதன் விளைவை வைத்தியரும் சட்டத்தரணிகளும் அறிவர், வெளியிற் சொல்லமாட்டோம். அப்பெண் விவாகரத்துக் கேட்டு நீதிமன்றம் ஏறும்போது, விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம் அவளுக்கு மூன்றே வாயில்களைத் திறந்து வைத்துள்ளது: சோரம் போதல், வன்மமாகக் கைவிட்டுச் செல்லல், விவாகத்தின்போதே இருந்த தீராத ஆண்மையின்மை. அவளுடைய கணவன் பெரும்பாலும் இம்மூன்றிலும் அடங்காதவன். அடிக்கவில்லை, குடிக்கவில்லை, ஓடிப்போகவில்லை. அவளை நேசிக்க மாட்டாதவன், அவ்வளவே. ஆகவே அவளுடைய சட்டத்தரணி பொய்யொன்றைப் புனைந்து மனுவில் ஏற்றுகின்றார். அவனுடைய சட்டத்தரணி அப்பொய்யை மறுக்காமல் விடுகின்றார். நீதிமன்றமும் கண்ணை மூடிக்கொள்கின்றது. ஊர் வாய்க்கு அஞ்சிய இரு குடும்பத்தார், இரு பிள்ளைகளின் பத்தாண்டுகளைப் பாழாக்கிய பின்னர், மூன்று சட்டம் படித்த மனிதர் கூடிப் பொய்ச்சத்தியம் செய்து அதை முடித்து வைக்கின்றோம். பெண்ணைப் பெற்ற கமக்காரரை நாம் கேட்கின்றோம்: உமது மகளுக்கு இவ்வாழ்வை நீர் விரும்புவீரா?

நூலைப் புகழ்ந்துகொண்டே போவது எமது நோக்கமன்று. இம்மூன்று நூல்களிலும் எமக்கு ஒவ்வாதன உண்டு. காதலித்த இருவருள் ஒருவன் இளமையிலேயே சாகவேண்டும் என்பது இத்தகைய கதைகளுக்கு விதிக்கப்பட்ட பழைய தண்டனை. அந்த அம்மையார் அதை நீக்கவில்லை. மூன்றாவது நூலிலே இன்னொரு துணை வாய்த்தும், அவ்வாழ்வும் நெடிது நீடிக்கவில்லை. கண்ணீரைப் பக்கம் பக்கமாகப் பிழிகின்ற இயல்பும் அவரிடம் உண்டு. இதனினும் பெரிய குறை வேறொன்று. வன்யெல் தன் இராச்சியத்திலேயே நிகரற்ற மந்திர வீரனாகின்றான். எல்லைகளைக் காக்கின்றான், மன்னருக்கு அறிவுரை கூறுகின்றான், ஈற்றில் நாட்டுக்காக உயிரையும் ஈகின்றான். அத்தகையவனைத் தந்தையும் ஊரும் ஏற்றுக்கொள்வதில் அதிசயமென்ன? மந்திரம் தெரியாத, சாதாரண பெறுபேறு பெற்ற, இசையும் வாராத பிள்ளையை யார் ஏற்பர்?

இதனை நாம் மருமகனிடம் எடுத்துரைத்தபோது அவன் சிரித்தான். "மாமா, அதை எனக்குப் பதினேழு வயதிலேயே விளங்கினது. அதுதான் மூன்று 'ஏ' எடுத்தனான்" என்றான். நாமும் சிரித்தோம், பின்னர் சிரிக்க முடியவில்லை. எமது குடும்பமே கொண்டாடிய பெறுபேறு அது. கோயிலிலே பொங்கல் வைத்தோம். குற்றவாளி முன்கூட்டியே கட்டிவைக்கும் பிணைப்பணமாக அதை அவன் தேடிக்கொண்டான் என்பதை யார் கண்டார்?

ஆயினும் நூலாசிரியர் ஒன்றைச் செப்பமாகச் செய்திருக்கின்றார். அது சாவில் என்னும் அத்தை. அவள் தொடக்கத்திலே நல்லவளாகத் தோன்றவில்லை. தன் வீட்டிலே வந்து விழுந்த மருமகனைத் தற்பெருமை பிடித்த மயில் என்றே எண்ணுகின்றாள். அவனை வைத்திருக்கவும் விரும்பவில்லை. பிழையாக மதிப்பிட்டுவிட்டோம் என்று அறிந்தபின், நீண்ட உரை எதுவும் நிகழ்த்தாமல் தன் மதிப்பீட்டை மாற்றிக்கொள்கின்றாள். அவனை அவள் திருத்தவுமில்லை, தூக்கி வைத்து ஆடவுமில்லை. அவனுக்குத் தன் வீட்டிலே இடம் இருக்கிறது என்பதை மாத்திரம் மாறாமல் வைத்திருக்கின்றாள். எமது வழக்கிலே தாய்மாமனுக்கு உரிய கடமைகள் பல. காதுகுத்தில் மடியிலே இருத்துவது தொடங்கி, கலியாணப் பந்தலில் முன்னிற்பது வரை எல்லாவற்றுக்கும் எம்மை அழைப்பர். பட்டு வேட்டியும் தருவர். மூன்று நூல்களையும் வாசித்து முடித்தபோது, எம்மிடம் கேட்கப்பட்டிருந்தது இக்கடமைகளுள் ஒன்றே என்று உணர்ந்தோம்.

அவனை அழைத்தோம். 2017 ஆவணியைப் பற்றி முதலிற் பேசினோம். மன்னிப்புக் கேட்பது எமக்குப் பழக்கமில்லாத காரியம். நீதிமன்றத்திலே பிறருக்காக எத்தனையோ முறை கேட்டிருக்கின்றோம்; அது எளிது. அவன் நெடுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கள் வாசிப்பியள் எண்டு நினைக்கேல்லை" என்றான். தகப்பனாருக்கு நாம் எடுத்துச் சொல்லட்டுமா என்று கேட்டோம். வேண்டாம் என்று தலையசைத்தான். பிறகு, "கதையை மட்டும் சொல்லுங்கோ மாமா. மிச்சத்தை நான் சொல்லுவன்" என்றான். வழக்காளியின் அறிவுறுத்தலை மீறக்கூடாது என்பது எமது தொழிற் தருமம். மீறவில்லை.

அத்தான் எட்டாம் வகுப்போடு தோட்டத்துக்கு இறங்கியவர். ஆங்கிலம் வாசியார். ஆயினும் கதை கேட்பதிலே வல்லவர். சிறுபிராயத்தில் கோயில் வீதியிலே விடிய விடியக் கூத்துப் பார்த்து வளர்ந்த தலைமுறை. எட்டு மாலைப்பொழுதுகள், அவருடைய வீட்டுத் திண்ணையிலே இருந்து, வால்டெமார் இராச்சியத்தின் கதையைச் சொன்னோம். எதையும் மறைக்கவில்லை. இரு இளைஞரின் நேசத்தை நட்பு என்று மாற்றியும் சொல்லவில்லை. அவ்விடத்திலே அத்தான் வெற்றிலைத் தட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்தார். எழுந்து போகவில்லை. கை முறிந்த இடத்திலே, "வாத்தி அடிச்சால் தகப்பன் கேக்க வேண்டாமே?" என்று கோபித்தார். வெண்புரவி வந்த இடத்திலே, அதற்கு என்ன தீனி என்று விசாரித்தார். நூலிலே அது தெளிவாக இல்லை. எட்டாம் நாள், முதல் நூலை முடித்து எழுந்தபோது, அவர் எம்மை மறித்தார்.

"தகப்பன் பிறகு பெடியனைக் கூப்பிட்டவனோ?"

அது இரண்டாவது புத்தகத்தில் வருகிறது, மெல்ல மெல்ல இளகுகின்றான் என்றோம். "மெல்ல மெல்ல" என்று தானும் ஒருமுறை சொல்லிக்கொண்டார்.

அதற்கடுத்த கிழமை எமது மருமகன் தன் தகப்பனாரிடம் தானே பேசினான். நாம் அங்கே இருக்கவில்லை. இருவரும் என்ன பேசினர் என்பது அவர்களுக்குரியது. எமக்கும் தெரியாது, வாசகருக்கும் வேண்டாம். சகோதரி அழுதாள் என்பதும், இரவுச் சாப்பாடு எவரும் சாப்பிடவில்லை என்பதும் தெரியும். இரண்டு நாள் அந்த வீட்டிலே பேச்சில்லை. மூன்றாம் நாள் விடியற்காலை, மிளகாய்த் தோட்டத்துக்கு இறைக்கும் முறை. மெசினைத் தூக்கிச் சைக்கிளில் வைத்துக் கட்டிய அத்தான், உள்ளே பார்த்து, "அவனை எழுப்பி விடு, வாய்க்கால் மாற ஆள் வேணும்" என்றாராம்.

இரண்டாவது புத்தகத்தை எப்போது தொடங்குவது என்று நேற்றுக் கேட்டு அனுப்பியிருக்கின்றார்.